நடுவில் இருந்த பாத்தி

உப்பளத்தைப் பாலைவனம் என்று முதலில் சொன்னவள் என் தோழிதான். அதற்கு முன் எனக்கு அது வெறும் உப்பளம். அப்பா வேலை செய்த இடம், அண்ணன் வேலை செய்த இடம், அண்ணன் இறந்த பிறகு அண்ணி வேலை செய்கிற இடம். மரக்காணத்தில் பிறந்தவர்கள் அதை நின்று பார்ப்பதில்லை. பேருந்தில் கடந்து போகிறவர்கள்தான் சன்னல் பக்கம் சாய்ந்து பார்ப்பார்கள்.

நாங்கள் அறிமுகமானது புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த ஒரு புகைப்பட வகுப்பில். நான் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். நாற்பதைக் கடந்த பிறகு, வீட்டில் யாரும் எதிர்பாராதபடி, ஒரு கேமரா வாங்கியிருந்தேன். அவள் என்னைவிட இளையவள். பெரிய முதலியார்சாவடியில் வீட்டு மாடியில் அறைகள் கட்டி வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறாள். அங்கே மாதக்கணக்கில் தங்கிய ஒருவர் ஊர் திரும்பும்போது, தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் இழுத்துக் காட்டும், முழங்கை நீளமுள்ள ஒரு டெலி லென்ஸை அவளிடம் விற்றுவிட்டுப் போயிருந்தார். என்னிடம் இருந்தது எதையும் அகலமாக விரித்துக் காட்டும் வைடு லென்ஸ். வகுப்பில் மற்றவர்கள் பூக்களையும் கோபுரங்களையும் எடுத்துக்கொண்டிருந்தபோது எங்கள் இருவருக்கும் ஒரே ஆசை இருந்தது. ராஜஸ்தான் பாலைவனத்தை ஒருமுறையாவது எடுத்துவிட வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்தே போக வேண்டும். அதற்குள் கை பழகட்டும் என்று ஒரு சித்திரை மாதம் அவளை எங்கள் ஊர் உப்பளத்துக்கு அழைத்து வந்தேன்.

அவள் வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"ஏங்க்கா, இதை வீட்டாண்ட வெச்சிக்கினு ராஜஸ்தானுக்கு டிக்கெட் பாத்துனு இருக்கீங்களே" என்றாள்.

அன்று அவள் காட்டியபடிதான் நானும் பார்த்தேன். தண்ணீர் விடாமல் போட்டிருந்த பாத்திகள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. அவற்றுக்கு அப்பால் வாரிக் குவித்த உப்பு அம்பாரங்கள், ஒன்றன் பின் ஒன்றாக, வெளுத்த மணல்மேடுகள் மாதிரி. வலது பக்கம் மின்கம்பத்தையும் இடது பக்கம் தார்ப்பாய்க் கொட்டகையையும் படச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டால் போதும். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது.

அதன் பிறகு இரண்டு வெயில் காலங்கள் எங்களுக்கு அங்கேயே கழிந்தன. வாரம் ஒரு முறை, வேலைக்குப் போகும் முன், காலையில். நான் ஒழுங்கு பார்க்கிறவள். கடல் காற்றில் லென்ஸைக் கழற்றக் கூடாது, வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் ஒருமுறையும் உலர்ந்த துணியால் ஒருமுறையும் துடைக்க வேண்டும், பைக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட வேண்டும் என்றெல்லாம் அவளுக்கும் சேர்த்து நானே பார்த்துக்கொண்டேன். மருந்துப் பெட்டிகளில் வருகிற அந்தச் சின்னப் பொட்டலங்களை அவளுக்காகச் சேர்த்து வைப்பேன். இரவில் நாட்குறிப்பில் காற்று எந்தப் பக்கம், வெளிச்சம் எப்படி, யார் எங்கே நின்றோம் என்று எழுதுவேன். அவள் கேலி செய்வாள். "பேஷண்டுக்கு மாத்திரை எழுதுற மாதிரியே எழுதுறீங்க்கா."

யார் எங்கே நின்றோம் என்பதில் எப்போதும் மாற்றம் இருந்ததில்லை. வைடு லென்ஸ் வைத்திருப்பவள் உள்ளே போக வேண்டும். வரப்பில் நடந்து, பாத்தியின் விளிம்பில் குந்தி, வெடித்த சேற்றுக்கு முகத்தைக் கொடுத்தால்தான் அது படமாகும். இல்லையென்றால் எல்லாம் கடுகு போலச் சிறுத்துவிடும். டெலி வைத்திருப்பவள் வெளியே நிற்க வேண்டும். அவள் சாலையை ஒட்டிய மேட்டில் கேமரா முக்காலியை ஊன்றிக்கொண்டு நிற்பாள். அங்கிருந்து பார்த்தால் உப்பளத்தின் இந்தக் கோடியில் இருக்கிற அம்பாரமும் அந்தக் கோடியில் இருக்கிற அம்பாரமும் ஒட்டிக்கொண்டு தெரியும். நடுவில் எத்தனை பாத்தி, எத்தனை வாய்க்கால் இருந்தாலும் எல்லாம் மயிரிழைக் கோடுகளாக மடிந்துவிடும். வெயில் ஏறிவிட்டால் கானல் அந்தக் கோடுகளையும் அழித்துவிடும். இரண்டு அம்பாரங்களை ஒன்றோடொன்று தொடவைப்பது அவளுக்கு விளையாட்டு. ஓரடி இப்படி, ஓரடி அப்படி நகர்ந்து, தொட்டுவிட்டதும் என்னைக் கையசைத்துக் கூப்பிடுவாள். நான் வேர்த்து வழிய வரப்பு வரப்பாகத் தாண்டிப் போய் அவள் கேமராவில் கண்ணை வைப்பேன். நான் சற்று முன் நடந்து வந்த அத்தனை தூரமும் அதில் இருக்காது.

வகுப்பில் எங்களுக்குப் பாடம் எடுத்தவர் இதை விளக்கியிருந்தார். லென்ஸ் எதையும் நெருக்குவதில்லை, நாம் தள்ளி நிற்பதுதான் நெருக்குகிறது என்றார். அதை நாட்குறிப்பில் எழுதி அடிக்கோடிட்டு வைத்தேன். அவளும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

என் லென்ஸுக்கும் தன் பொய் உண்டு. அண்ணியின் வீட்டுக்கு ஓடு மாற்றியபோது அவள் ஆசைப்பட்டுக் கேட்டதால் வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேர் படுத்தால் நிறைந்துவிடும் வாசல், படத்தில் கல்யாண மண்டபம் மாதிரி விரிந்திருந்தது. உப்பளத்துப் பெண்கள் அதைக் கைமாற்றிப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "இந்த மண்டபத்துக்கு வாடகை எவ்ளோ அக்கா?" என்று அண்ணியை வெகு நாள் ஓட்டினார்கள்.

அந்தப் பெண்களுக்கு என்மேல் நம்பிக்கை இருந்தது. உப்புத் தண்ணீரில் வெடித்த பாதங்களுக்குக் களிம்பும், வெண்மையைப் பார்த்துப் பார்த்துச் சிவந்த கண்களுக்குச் சொட்டு மருந்தும் வாங்க என் சன்னலுக்குத்தான் வருவார்கள். ஆனாலும் முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டார்கள். வேலை நேரத்தில் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, மேலே ஆம்பளைச் சட்டை போட்டு, தலையில் துணி கட்டியிருப்பார்கள். கூட வேலை செய்கிறவர்கள் பார்ப்பதில் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. படம் வேறு.

அண்ணிதான் எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னாள். "மண்ண எடு, உப்ப எடு, வானத்த எடு. எங்கள வேலையில எடுக்காத பாப்பா. வேல முடிஞ்சி, கால் கழுவி, பொடவைய எறக்கி விட்டப்புறம் கூப்புடு. வரிசையா நின்னு சிரிக்கிறோம்."

எனக்கு ஐம்பதை நெருங்குகிறது. அண்ணிக்கு நான் இன்னும் பாப்பாதான். நான் சரி என்றேன். பக்கத்தில் நின்ற என் தோழியும் சரி என்றாள். "சத்தியமா எடுக்க மாட்டேன்க்கா" என்று அண்ணியின் கையைத் தொட்டுச் சொன்னாள். அதன்படியே நடந்தது. விடியும் முன் தொடங்குகிற உப்பள வேலை காலையிலேயே முடிந்துவிடும். முடிந்ததும் அவர்கள் வாய்க்காலில் கால் கழுவி, தலையைக் கோதிக்கொண்டு வந்து நிற்பார்கள். அடுத்த வாரம் நான் படங்களை அச்சடித்து எடுத்துப் போவேன்.

பாத்திகளுக்கிடையே நான் குனிந்து திரியும்போது மட்டும் அவர்களுக்குக் கொஞ்சம் கூச்சம் இருக்கும். "இந்தப் பக்கம் திருப்பாத" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். சாலை மேட்டில் நின்ற அவளைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. அவ்வளவு தூரத்தில் நிற்கிறவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தார்கள். சில நாள் அவளைப் பார்த்துக் கையசைப்பார்கள்.

உப்பளத்து வேலையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிறைந்த உப்புக் கூடையை யாரும் தானாகத் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது. எதிரில் இன்னொருவர் நின்று, இருவரும் குனிந்து, ஒரே மூச்சில் தூக்கினால்தான் அது தலைக்கு வரும். யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் தூக்கிவிடுவார். பெண் என்றும் ஆண் என்றும் பார்ப்பதில்லை. அந்தக் களத்தின் மேஸ்திரி நரைத்த மீசைக்காரர், மனைவியும் பேரப்பிள்ளைகளும் உள்ளவர், அதிகம் பேசமாட்டார். சுமை தூக்கிவிட ஆள் இல்லாமல் யாராவது நின்றால் உப்பை இழுத்துக் குவிக்கும் வாரியைக் கீழே போட்டுவிட்டு வருவார். அண்ணன் இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான்.

இரண்டாவது வெயில் காலத்தின் கடைசியில் ஒரு காலை. நாட்குறிப்பில் அந்த நாளுக்கு நேரே, காற்று தென்கிழக்கு, வானம் சுத்தம், நல்ல நாள் என்று எழுதியிருக்கிறேன். நான் காய்ந்த பாத்தி ஒன்றில் குந்தி, வெடிப்புகள் தொடுவானம்வரை ஓடுகிற மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணி எனக்கு முன்னால், பல வரப்பு தள்ளி, கூடைக்குக் குனிந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் அப்பால், தண்ணீர் நிறைந்த ஒரு முழுப் பாத்தியைத் தாண்டி, மேஸ்திரி நின்று மடையைத் திறக்கச் சொல்லி யாருக்கோ கை நீட்டிக் காட்டினார். என் படத்தில் அவர்கள் இரண்டு புள்ளிகள். அந்த அளவுக்கு இருந்தால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் திரும்பிப் பார்த்தேன். சாலை மேட்டில் அவள் முக்காலியைக் கொஞ்சம் இடது பக்கமாக நகர்த்திக்கொண்டிருந்தாள். அம்பாரங்களைத் தொடவைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன்.

மழைக்கு முன் புதுச்சேரியில் ஒரு சின்னக் கூடத்தில் எங்கள் படங்களை வைப்பது என்று முடிவாயிற்று. கரையோரப் பாலை என்று தலைப்பு. அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் படங்களைப் பரப்பி, மாலை முழுவதும் உட்கார்ந்து, ஆள் இல்லாதவற்றை மட்டும் தேர்ந்தெடுத்தோம். அழைப்பிதழ் அவள் பொறுப்பு. படங்களை மாட்டுகிற நாளன்று எனக்குத் தடுப்பூசி முகாம் இருந்தது, விடுப்பு கிடைக்கவில்லை. "நான் பாத்துக்குறேன்க்கா, நீங்க புதுப் பொடவை மட்டும் எடுங்க" என்றாள்.

அன்று மதியம் கண் மருந்து வாங்க வந்த ஒரு பெண், சீட்டுக்குப் பதிலாகத் தன் போனைச் சன்னலுக்குள் நீட்டினாள். யாரோ அனுப்பி, யாரோ அனுப்பி, அவளுக்கு வந்திருக்கிறது.

"இது உங்க அண்ணிதான?"

எங்கள் அழைப்பிதழ். பின்னால் வெள்ளை மணல்மேடுகளாக அம்பாரங்கள். முன்னால் முழங்கால் தெரியப் புடவையைச் செருகிய ஒரு பெண் குனிந்திருந்தாள். அவளை ஒட்டி ஓர் ஆண். நீட்டிய அவருடைய கை அவள் தோளில் பதிந்திருந்தது. நடுவில் பாத்தி இல்லை, தண்ணீர் இல்லை, வரப்பு இல்லை. படத்தின் கீழே துணை என்று ஒரு சொல். அதற்கும் கீழே எங்கள் இருவர் பெயர்.

நான் அந்தப் பெண்ணுக்கு மருந்து கொடுத்தேனா என்றுகூட நினைவில்லை. வரிசை முடிந்ததும் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன். வழியெல்லாம் ஏதோ தவறு நடந்திருக்கிறது, அச்சடித்தவன் படத்தை மாற்றியிருப்பான் என்றே நினைத்துக்கொண்டு போனேன். அவள் செய்திருப்பாள் என்று நினைக்க மனம் வரவில்லை.

கூடத்தில் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் அது இருந்தது, ஒரு கதவு அளவுக்கு. மற்ற படங்கள் அதற்கு இரண்டு பக்கமும் சிறியதாக. அவள் நாற்காலிமேல் ஏறி நின்று விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இது நம்ம எடுத்து வெச்சதுல இல்லியே" என்றேன்.

"கடைசில சேத்தேன்க்கா. மாட்ட வந்த பசங்ககூட இது முன்னாடிதான் நிக்கிறாங்க."

"அவங்களுக்கு வாக்கு குடுத்தோம்."

"முகம் எங்கக்கா தெரியுது? துணி கட்டியிருக்காங்க. பாண்டில யாருக்கு யாரத் தெரியும்?"

மரக்காணத்தில் முகம் வேண்டியதில்லை, குனிகிற விதத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள், சொல்லிவிட்டார்கள், என் சன்னலில் வந்து கேட்டுவிட்டார்கள் என்றேன். புருஷன் இல்லாத பெண்ணுக்கு இது என்ன செய்யும் என்று அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. அவளும் நம் ஊர்ப் பக்கத்துப் பெண்தான். அவள் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து என் தோளைத் தொட்டாள். நான் நகர்ந்துகொண்டேன்.

"அந்த ஆளு கை மடையக் காட்டுச்சு. நடுவுல ஒரு பாத்தி இருந்துது. நான் அங்கதான் இருந்தேன்."

"இருந்துதுக்கா. அது டெலில விழாது. உங்களுக்குத் தெரியாததா?" என்றாள். பிறகு, ஒரே தொழில் தெரிந்த இன்னொருத்தியிடம் பேசுகிற குரலில், மெதுவாகச் சொன்னாள். "அதான்க்கா படமே."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்குப் புரியும் என்று நம்பிச் சொன்னாள். எனக்குப் புரியவும் செய்தது. முக்காலியை இடது பக்கம் நகர்த்தியது எதற்கு என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கை அந்தத் தோளில் விழும்வரை அவள் நகர்ந்திருக்கிறாள். வெடித்த சேற்றில் குந்திக்கொண்டு நான் பார்த்தது அதைத்தான்.

அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கச் சொன்னேன். முடியாது என்றாள். ஒரு கடற்கரை விடுதிக்காரர் பார்த்துவிட்டு வரவேற்பறைக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். தப்பாகப் பார்ப்பவர்களுக்குத்தான் தப்பாகத் தெரியும் என்றாள். நான் என் படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அங்கே மேசையில் விரித்திருந்த துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். அவள் தடுக்கவில்லை. வாசல்வரை வந்து, "இருட்டிடுச்சு, ஆட்டோ பிடிச்சுப் போங்க்கா" என்றாள். அந்த அக்கறையும் பொய்யில்லை என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்காதது.

ஊரில் யாரும் சத்தம் போட்டுச் சண்டைக்கு வரவில்லை. மேஸ்திரியின் மனைவி ஒரு காலை உப்பளத்துக்கு வந்து, வரப்பில் வெறுமனே நின்று பார்த்துவிட்டுப் போனாளாம். அதன் பிறகு மேஸ்திரி அண்ணி இருக்கிற பக்கம் வருவதில்லை. அவள் கூடைக்குக் குனிந்தால் அவர் இரண்டு பாத்தி தள்ளிப் போய்விடுவார். வாய் நீளமான ஒருத்தி, "அண்ணன் போயி எவ்ளோ வருசம் ஆச்சு, தொண வேணும்ல" என்று சொல்லிச் சிரிக்க, மற்றவர்களும் சிரித்திருக்கிறார்கள். யாராவது அண்ணிக்குச் சுமை தூக்கிவிட்டால் அவர்களுக்கும் ஒரு பேச்சு விழும். அதனால் அவள் கூடை நிறைகிற நேரம் பார்த்து எல்லாருக்கும் வேறு வேலை வந்துவிடும்.

இதையெல்லாம் எனக்கு அண்ணி சொல்லவில்லை. மருந்து வாங்க வந்தவர்கள் சொன்னார்கள். நான் அண்ணி வீட்டுக்குப் போனேன். அவள் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை. நான் எடுக்கவில்லை, எனக்குத் தெரியாமல் செய்துவிட்டாள், என் படங்களைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன் என்றேன்.

"உம் பேரு போட்டிருக்குது" என்றாள்.

"ஆமா."

"நீ அங்கதான இருந்த? அவ நிக்கிறத நீ பாத்த."

"பாத்தேன்."

"அவ்ளோ தூரத்துலேர்ந்து புடிக்கலாம்னு உனுக்குத் தெரியும் பாப்பா. எங்களுக்குத் தெரியாது."

நான் ஏமாற்றப்பட்டவள் என்று சொல்லிக்கொண்டு போயிருந்தேன். அந்த வீட்டில் அதைச் சொல்ல எனக்கு இடம் இருக்கவில்லை.

என்னால் முடிந்தது ஒன்று உண்டு என்று நம்பினேன். அதே காலையில் நான் எடுத்த படம் என்னிடம் இருந்தது. அதைப் பெரிதாக அச்சடித்து, தேநீர் குடிக்கிற நேரம் பார்த்து உப்பளத்துக்கு எடுத்துப் போனேன். அண்ணியும் மேஸ்திரியும் அதில் விரலால் காட்டினால் மட்டுமே தெரிகிற புள்ளிகள். அவர்களுக்கு நடுவே தண்ணீர் வானத்தைப் பிடித்துக்கொண்டு ஓர் ஏரி போலக் கிடந்தது. பார்த்தீர்களா, எவ்வளவு தூரம் என்றேன். அவர்கள் பார்த்தார்கள். அதே வாய் நீளமானவள்தான் பேசினாள்.

"இன்னாம்மா, நம்ம பாத்தி வீராணம் ஏரி கணக்கா இருக்குது? உன் மிஷினுலதான் இவங்க ஊட்டு வாசலே கல்யாண மண்டபமா ஆச்சே."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சொன்னதில் தவறில்லை. நான் தரையை ஒட்டி வைத்து எடுத்திருந்தேன். பாத்தி இருந்ததைவிட அகலமாகத்தான் விழுந்திருந்தது. தோழியின் படத்தில் தூரமே இல்லை, என்னுடையதில் அளவுக்கு மேல். இருந்த தூரம் எந்தப் படத்திலும் இல்லை. அண்ணி தேநீர்க் குவளையைக் கழுவப் போய்விட்டாள். படத்தை அவள் பார்க்கவில்லை.

அன்று மாலை தோழிக்குப் போன் செய்தேன். அதற்கு முன் அவள் பலமுறை அழைத்தும் நான் எடுத்ததில்லை. படத்தை இறக்கு என்று இனிமேல் கேட்கமாட்டேன், ஒரே ஒரு நாள் லென்ஸை எடுத்துக்கொண்டு வா என்றேன். சாலை மேட்டில் முக்காலியைப் போட்டு, பெண்களை ஒவ்வொருவராக அதில் கண் வைக்கச் சொல்லலாம். எட்ட எட்ட இருக்கிற இரண்டு அம்பாரங்கள் ஒட்டிக்கொள்வதை அவர்களே பார்த்துவிட்டால் நான் ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. அவள் உடனே ஒப்புக்கொண்டாள். "கண்டிப்பா வர்றேன்க்கா. வெள்ளிக்கெழம வர்றேன். நானே காட்டுறேன்" என்றாள். குரல் தழுதழுத்தது. போனை வைத்தபோது எல்லாம் சரியாகிவிடும் என்றே தோன்றியது.

நான் பெண்களிடம் சொல்லிவைத்தேன். அண்ணியிடமும் சொன்னேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து அவர்கள் வாய்க்காலில் கால் கழுவினார்கள். புடவையை இறக்கி விட்டுக்கொண்டு சாலை மேட்டுக்கு வந்தார்கள். அண்ணியும் வந்தாள், கடைசியாக, தனியாக. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் நான் திரும்பிப் பார்த்தேன். அவள் போனை அணைத்து வைத்திருந்தாள். வீட்டில் சோறு ஆக்க வேண்டும் என்று ஒருத்தி கிளம்பினாள், பிறகு இன்னொருத்தி. "ஒன் சிநேகிதிக்கு நெறய வேலயாக்கும்" என்று சொல்லிவிட்டு மற்றவர்களும் போனார்கள். அண்ணி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் போனில் ஒரு படம் வந்தது. மணல். அசல் மணல், அலை அலையாக, ஒரு மேட்டின்மேல் இன்னொரு மேடு சாய்ந்துகொண்டு, அதன் விளிம்பில் எறும்பு மாதிரி ஓர் ஒட்டகம். கீழே எழுதியிருந்தாள்: "அக்கா மன்னிச்சிடுங்க. விடுதிக்காரருக்குப் பாலைவனப் படமும் வேணுமாம், அவரே டிக்கெட் போட்டுட்டாரு, சொல்ல நேரமில்ல. நம்ம பாலைவனம் பாருங்க."

நம்ம என்ற சொல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் நன்றாகத்தான் இருந்தது. வெளிச்சம் சரியாக விழும் நேரம் பார்த்துக் காத்திருந்து எடுத்திருக்கிறாள். அந்த இரண்டு மேடுகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். முடியவில்லை. பதில் எழுதவில்லை.

கேமராவைத் துடைத்து, பொட்டலங்களை மாற்றி, அலமாரியில் வைத்தேன். சில நாள் கழித்து, வேலைக்குப் போகும் முன், வெறுங்கையோடு உப்பளத்துக்குப் போனேன். பெண்கள் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி வேலைக்குக் குனிந்தார்கள். அண்ணி களத்தின் கோடியில் இருந்தாள். நிறைந்த கூடை அவள் காலடியில் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. மேஸ்திரி இரண்டு பாத்தி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, வாரிய இடத்தையே மறுபடி வாரிக்கொண்டிருந்தார். அண்ணி இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தாள்.

நான் செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். உப்புத் தண்ணீர் சுரீரென்றது. அவள் எதிரில் போய் நின்று கூடையின் விளிம்பைப் பிடித்தேன். உப்பளத்துப் பிள்ளையாக இருந்தும் இத்தனை வருடத்தில் நான் அவளுக்குச் சுமை தூக்கிவிட்டதில்லை.

அவள் குனியவில்லை.

"கேமரா எங்க?"

"ஊட்ல வெச்சிட்டேன்."

அவள் என் தலைக்கு மேலாகச் சாலைப் பக்கம் பார்த்தாள். கண் கூசி, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"தூரத்துல யாராச்சும் நிக்கிறாங்களா பாரு" என்றாள்.

நான் திரும்பினேன். சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு கார் ஓரமாக நின்றிருந்தது. அதனருகே இரண்டு பேர், ஆணா பெண்ணா என்று தெரியாத அளவில், உப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்கும் அப்பால் கடைகள் இருந்தன, ஒரு மாடி வீடு இருந்தது. எவ்வளவு தூரத்திலிருந்து எடுக்க முடியும் என்பது அந்த உப்பளத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். யாரும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த இரண்டு வார்த்தை வாயில் வரவில்லை.

நான் பேசாமல் நிற்பதை அவள் பார்த்தாள். கூடையின் விளிம்பிலிருந்து என் கையை எடுத்துவிட்டாள். வேகமாக எடுக்கவில்லை, குழந்தையின் கையை எடுப்பது போல எடுத்தாள். பிறகு கூடையைச் சாய்த்து, பாதி உப்பைப் பாத்தியிலேயே கொட்டினாள். மீதியைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, அம்பாரத்தைப் பார்த்து நடந்தாள்.